வட்டியில்லாக் கடன் யாருக்கு, ஜகாத் யாருக்கு?

தள்ளுவண்டிக்காரர்கள் வாங்கும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 8,500 ரூபாய் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறார்கள். “1,500 ரூபாய்தானே போகுது” என்பார்கள். ஆனால் தினமும் கட்டக் கட்ட அசல் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

சேலத்தில் பள்ளிவாசல் ஜமாஅத்துகள் நடத்தும் சில பைத்துல்மால்களுக்கு, அதாவது பொது நிதி அமைப்புகளுக்கு, கணக்குத் தணிக்கை செய்து தருகிறேன். நகை ஈட்டின் பேரிலோ ஜாமீன் பேரிலோ அவர்கள் கொடுக்கும் அழகிய கடனுக்கு வட்டி கிடையாது, வாங்கிய அசலைத் திருப்பினால் போதும். இது சின்ன அளவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2001இல் லாகூரில் அம்ஜத் சாகிப் தொடங்கிய அகுவத் என்ற வட்டியில்லாக் கடன் அமைப்பு, 10,000 ரூபாய்க் கடனில் ஆரம்பித்து இன்று பாகிஸ்தான் முழுக்கப் பரவியிருக்கிறது. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வைத்தே கடன் தருகிறார்கள், வாங்குபவரின் மதம் பார்ப்பதில்லை.

ஆனால் வட்டி இல்லை என்பதாலேயே வறுமை தீர்ந்துவிடாது. ஒரு கடன் பதிவேட்டில் ஒரே பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்தேன். முதல் கடன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அடுத்தது அதை அடைக்க. அதற்கடுத்தது வீட்டு வாடகை பாக்கிக்கு. வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை. ஒவ்வொரு வரியிலும் ‘தவணை நீட்டிப்பு’ என்று எழுதி நிர்வாகி கையெழுத்து போட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குக் கடனே கொடுத்திருக்கக் கூடாது, வசதியுள்ள முஸ்லிம்கள் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மமான ஜகாத்திலிருந்துதான் கொடுத்திருக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்லும் குர்ஆன் வசனத்தில் (9:60) ஏழைகளோடு கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஜகாத் உரியவருக்கே சொந்தமாகப் போய்ச்சேர வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களான உலமாக்கள் சொல்லும் விதி. அதனால் ஜகாத்துக்கும் கடன் நிதிக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள் என்று ஒவ்வொரு நிர்வாகக் குழுவிடமும் வற்புறுத்துகிறேன். இரண்டும் கலந்தால் இரண்டுமே கெடும்.

கடன் பொருந்துவது, கையில் தொழில் இருந்தும் முதல் இல்லாதவருக்கு. ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவருக்குக் கோடை விழா நடக்கும் மே மாதம் கொழுத்த வியாபாரம், மழைக்காலத்தில் கடை காற்று வாங்கும். அவரிடம் வாராவாரம் ஒரே தொகையைக் கேட்டால், மழை மாதத்துத் தவணைக்கு வேறெங்காவது வட்டிக்குத்தான் வாங்குவார். சீசனில் அதிகம், மற்ற மாதங்களில் கொஞ்சம் என்று தவணை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்ற வசனம் (2:280) இதற்கு நேராகவே வழிகாட்டுகிறது.

இயந்திரம் வேண்டுமென்றால் முராபஹா இருக்கிறது. 20,000 ரூபாய் ஓவர்லாக் மிஷினை நிறுவனமே வாங்கி, அடக்க விலையைச் சொல்லி, 22,000க்கு 11 மாதத் தவணையில் விற்கும். தவணை தள்ளிப்போனாலும் விலை ஏறாது. ஆனால் மிஷினை வாங்காமல் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, காகிதத்தில் மட்டும் முராபஹா என்று எழுதினால் அது வட்டியேதான். அழகிய கடனுக்குச் சேவைக் கட்டணம் வாங்கினாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். படிவம், எழுத்தர் சம்பளம் என்று உண்மையில் ஆன செலவை வாங்கலாம், கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று வாங்கக் கூடாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘ஹலால் லாபம்’ என்று சொல்லி முதலீடு திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. என்ற நிதி நிறுவனம் 2019இல் சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. ஒருவர் முதல் போட இன்னொருவர் தொழில் செய்யும் முளாரபா என்ற கூட்டில் லாபத்தில்தான் பங்கு, நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு. ஆகவே மாதாமாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று யாராவது சொன்னால், அங்கேயே ஷரீஅத் அடிபட்டுப் போகிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றிதழையும் போன வருடத் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் மஹல்லா பைத்துல்மாலுக்கு ஜகாத் கொடுக்கும்போதும் கேளுங்கள்.