குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை தாய்ப்பாலில் எதற்கு?

தாய்ப்பாலில் நீரைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடை போட்டால், முதலிடம் லாக்டோஸுக்கு, அடுத்தது கொழுப்பு. மூன்றாவதாகப் புரதம் வரும் என்றுதான் நினைப்போம். அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம், சீம்பாலில் இன்னும் அதிகம். இதுவரை 150க்கும் மேற்பட்ட வகைகள் தெரியவந்துள்ளன.

வேடிக்கை என்னவென்றால், இவை குழந்தைக்குச் செரிப்பதே இல்லை. இந்தச் சங்கிலிகளை அறுக்கும் நொதிகள் மனிதக் குடலில் சுரப்பதில்லை. வயிறு, சிறுகுடல் எல்லாவற்றையும் ஏறக்குறைய அப்படியே கடந்து பெருங்குடலில் போய் இறங்குகின்றன. பிரசவம் முடிந்து களைத்துக் கிடக்கும் உடல், இருக்கிற சக்தியைச் செலவழித்து, பிள்ளைக்குப் பயன்படாத சர்க்கரையை இவ்வளவு செய்கிறது என்றால் அதை உண்ண வேறு யாரோ இருக்க வேண்டும்.

அந்த ஆளை முதலில் பார்த்தவர் ஹென்றி டிசியே. 1899-ல், பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் முனை கவட்டையாகப் பிரிந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்று அதன் குடும்பத்தை பிஃபிடோபாக்டீரியம் என்கிறோம். அதில் பச்சைக்குழந்தையின் குடலுக்கென்றே வார்த்தெடுத்ததுபோல இருப்பது, லாங்கம் என்ற இனத்தின் இன்ஃபான்டிஸ் என்ற துணையினம்.

பிறந்த குழந்தையின் குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். பிஃபிடோவுக்கு அது ஆகாது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் முதலில் குடியேறி ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அப்புறம்தான் இவற்றின் காலம்.

சாப்பிடும் முறையில்தான் விஷயமே இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஃபிடம் என்ற இனம், நொதிகளைத் தன் உடலின் மேற்பரப்பில் வைத்துச் சங்கிலியை வெளியிலேயே உடைக்கிறது. உதிர்கிற சர்க்கரையில் அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களும் பங்கு எடுத்துக்கொள்கின்றன. இன்ஃபான்டிஸ் அப்படிச் சிந்துவதில்லை. அதன் மேற்பரப்புப் புரதங்கள் சங்கிலியை முழுசாகப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனபிறகு ஒரு நொதி சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றான ஃபியூகோஸைக் கழற்றுகிறது, இன்னொன்று சியாலிக் அமிலத்தை, மற்றவை மீதியை. போட்டியாளருக்கு ஒரு துணுக்கும் மிஞ்சாது. 2008-ல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இந்த வேலைக்கான மரபணுக்கள் பல சுமார் 43,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் அடுத்தடுத்து இருந்தன. பாலில் உள்ள யூரியாவிலிருந்து நைட்ரஜன் எடுத்துக்கொள்ளவும் அதனிடம் மரபணுக்கள் இருந்தன. மனிதச் சிறுநீரில் போகிற கழிவு யூரியா, அதைக்கூட விட்டுவைக்கவில்லை!

இந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. பெரியவர்களின் குடலிலும் வாழும் நெருங்கிய உறவு ஒன்று, லாங்கம் என்ற இனப்பெயரையே கொண்ட துணையினம், தாவரச் சர்க்கரைகளை நன்றாக உண்ணும். இன்ஃபான்டிஸிடம் அதற்கான மரபணுக்கள் பலவும் இல்லை. பாலையே நம்பி வாழ்ந்த பரம்பரையில் அவை பழுதானாலும் நஷ்டமில்லை என்பதால் இயற்கைத் தேர்வு அவற்றைக் காப்பாற்றவில்லை.

சரி, தாய்க்கு என்ன லாபம்? இந்த பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் வெளியிடுகிறது. குடலில் புளிப்பு ஏறுகிறது. நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அங்கே வளர்வது சிரமம். கூடவே அது வெளியிடும் இண்டோல் லாக்டிக் அமிலம் நோயெதிர்ப்புச் செல்களின் அழற்சியைத் தணிக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் தனியாகவும் ஒரு காவல் வேலை பார்க்கின்றன. சில கிருமிகள் குடற்சுவர் என்று ஏமாந்து அவற்றில் ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. ஆக, இப்படிப்பட்ட பாலைத் தந்த தாய்களின் பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்தப் பாலை நன்றாக உண்ட பாக்டீரியா பெருகியது. ஒன்று மாற மற்றதும் மாறியது.

இந்த உறவு எவ்வளவு பழையது என்பதை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர், சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியோரின் மலத்தில் உள்ள பாக்டீரியாக்களின் வம்சாவளியை ஒப்பிட்டார்கள். பிஃபிடோ குடும்பத்தின் கிளைகள், அவை குடியிருந்த உயிரினங்களின் கிளைகளோடு பொருந்தின. நம் முன்னோரும் கொரில்லாவின் முன்னோரும், அந்த ஆய்வின் கணக்குப்படி சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரிந்தபோது இவையும் பிரிந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தால்தான் இப்படி நடக்கும். எல்லாக் குடல் பாக்டீரியாக்களும் அப்படி இல்லை. லாக்னோஸ்பிரேசி என்ற குடும்பம் இனம்விட்டு இனம் தாவியிருக்கிறது.

பால் குறைந்து திட உணவு தொடங்கும்போது ஆட்டம் மாறுகிறது. வங்கதேசக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில், அந்த இடைக்காலத்தில் லாங்கம் இனத்தின் தனிக் கிளை ஒன்று தலையெடுத்தது 2022-ல் தெரியவந்தது. பால் சர்க்கரை, தாவரச் சர்க்கரை இரண்டையும் உண்ணும் மரபணுக்கள் அதனிடம் இருந்தன. கெட்டிக்காரக் கிளைதான்.

பாலை மட்டும் நம்பிய இன்ஃபான்டிஸுக்கு இந்த வசதி இல்லை. சிசேரியன், ஆன்டிபயாடிக், புட்டிப்பால் என்று எங்கே இந்தக் கைமாற்றம் அறுந்தாலும் அடுத்த குழந்தைக்குப் போய்ச் சேராமல் போகலாம். தான்சானியாவில் வேட்டையாடி, உணவு சேகரித்து வாழும் ஹட்சா மக்களின் குழந்தைகளிடம் இது சாதாரணமாகக் கிடைக்கிறது. தொழில்மயமான நாடுகளின் குழந்தைகளிடம் அரிதாகிவிட்டது.

இப்போது இதையே பொடியாக்கிக் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகளுக்குச் சில வாரம் கொடுத்தபோது, நிறுத்திய பிறகும் குடலில் தங்கியது. குறைமாதக் குழந்தைகளின் கதை வேறு. அவர்களின் குடற்சுவர் முதிராதது; உள்ளே விட்ட பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். ஒரு குழந்தை அப்படி இறந்ததையடுத்து, குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி உயிருள்ள பாக்டீரியாக்களைத் தருவது பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரிக்கை விடுத்தது.