தாறுமாறாக அளந்தால் பாதி போதும்

எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். குழாய்க்குள் படுத்ததும் டக் டக் டக் என்று சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம். நடுநடுவே ஒரு குரல்: "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க." வயிற்றை ஸ்கேன் செய்யும்போது 20 நொடி மூச்சடக்குவது பெரியவர்களுக்கே சிரமம். இரண்டு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்ல முடியுமா? பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் படம் எடுக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது? எம்ஆர்ஐ இயந்திரம் கேமரா மாதிரி ஒரே கிளிக்கில் படம் பிடிப்பதில்லை. எந்தப் படத்தையும் பல அகலங்களில், பல திசைகளில் ஓடும் அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்பது ஃபூரியரின் கணக்கு. உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து உசுப்பிவிட்டால் அவை ரேடியோ அலையாகப் பதில் சொல்லும். அதிலிருந்து இயந்திரத்துக்குக் கிடைப்பது, எந்த அலை எவ்வளவு என்கிற எண்கள்தான். அவற்றை நிரப்பும் கட்டத்துக்கு கே-ஸ்பேஸ் என்று பெயர். பழைய முறையில் ஒரு தடவை உசுப்பினால் ஒரு வரி நிரம்பும். 256 வரி, வரிக்கு அரை நொடி என்று வைத்தால் 128 நொடி. அத்தனை நேரமும் ஆடக் கூடாது.

சரி, பாதி வரிகளை விட்டுவிட்டால்? ஒன்றுவிட்டு ஒன்று அளந்தால் 64 நொடியில் வேலை முடியும். ஆனால் படம் தன்மேலேயே மடிந்து விழும். மூக்கு பின்மண்டைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அசலும் போலியும் ஒரே பலத்தில் இருப்பதால் அந்த எண்களை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. (ரேடியோ அலையைப் பிடிக்கும் கம்பிச்சுருள்களை, அதாவது காயில்களை, பலவாக வைத்துப் பிரிக்கிற உத்தி ஒன்று உண்டு. அது வேறு கதை.)

இப்போது அதே பாதியை ஒழுங்கில்லாமல் விட்டுப் பாருங்கள். இங்கே இரண்டு வரி, அங்கே ஒன்று, அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. நடுப்பகுதி வரிகளை மட்டும் நெருக்கமாக அளக்க வேண்டும், படத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இப்படிச் செய்தால் படம் மடியாது. மணலை வாரித் தூவினாற்போல் எங்கும் அழுக்குப் படியும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். அழுக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் உருவமாகத் திரண்டு நம்மை ஏமாற்றாமல் சிதறிக் கிடக்கிறது. சிதறியதைக் கூட்டித் தள்ளலாம்.

கூட்டுவதற்கு ஒரு துடைப்பம் வேண்டும். அது உங்கள் போனிலேயே இருக்கிறது. 1.2 கோடி புள்ளிகள் கொண்ட போட்டோ, புள்ளிக்கு மூன்று நிறம் என்றால் 3.6 கோடி எண்கள். ஆனால் ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் மூன்று நான்கு எம்பிதான் வருகிறது. சரியான கணித மொழியில் எழுதினால் இயற்கையான படங்களில் சில எண்களே பெரிதாக இருக்கும், மற்றவை பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடக்கும் என்பதுதான் காரணம். உடலுக்குள் எடுக்கும் படங்களும் இப்படியே. அந்த மொழிக்கு மாற்றிப் பார்த்தால், பொட்டல் காட்டில் பனைமரம் போல முக்கியமான எண்கள் உயர்ந்து நிற்கும். தூவிய மணல் தரையோடு தரையாகக் கிடக்கும்.

கணினி முதலில் உயரமான பனைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். எந்த வரிகளை விட்டோம் என்பது தெரியும் என்பதால், அந்தப் பனைகள் எவ்வளவு மணலைக் கிளப்பியிருக்கும் என்று கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மணல் மட்டம் இறங்கும். அதுவரை புதைந்திருந்த குட்டை மரங்கள் தலைகாட்டும். அவற்றையும் எடுத்து, கழித்து, மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உண்மையில் அளந்த எண்களோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பின்னால் உள்ள கணிதத்தைச் சின்னக் கணக்கில் காட்டலாம். தெரியாத எண்கள் இரண்டு. முதலாவதோடு இரண்டாவதன் இரு மடங்கைக் கூட்டினால் 10. அளவீடு இது ஒன்றுதான். வழக்கமான முறை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை குறைவாக உள்ள விடையைத் தேடும். 2, 4 என்று வரும், இருவருக்கும் பங்கு. வர்க்கமாக்காமல், கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காமல் வெறுமனே கூட்டி, அது குறைவாக இருக்கட்டும் என்றால் 0, 5 என்று வரும். ஒன்று பூஜ்ஜியமாகிவிட்டது! உண்மை விடை 10, 0 ஆகவும் இருந்திருக்கலாமே என்றால், ஆமாம், ஒரே ஓர் அளவீட்டில் ஏமாறலாம். தாறுமாறான அளவீடுகள் போதிய அளவு சேர்ந்துவிட்டால் ஏமாறும் வாய்ப்பு அற்பமாகிவிடும்.

நிலநடுக்க அலைகளை வைத்து எண்ணெய் தேடியவர்கள் 1970களிலேயே இந்த உத்தியை அனுபவத்தில் கையாண்டார்கள். ஏன் வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெளிவானது. 2004 வாக்கில் கணிதவியலாளர் இம்மானுவேல் காண்டெஸ் ஒரு மாதிரித் தலைப்படத்தை, கே-ஸ்பேஸின் நடு வழியாகப் போகும் வெறும் 22 கோடுகளில் கிடைத்த அளவீடுகளிலிருந்து மீட்டுப் பார்த்தார். கொஞ்சம் தெளிவாகும் என்று எதிர்பார்த்த இடத்தில் அசலே அப்படியே வந்து நின்றது. இன்னொரு கணிதவியலாளரான டெரன்ஸ் டாவோவிடம் சொன்னபோது அவர் முதலில் இது நடக்காது என்று காட்டத்தான் முயன்றாராம். கடைசியில் இருவரும் ஜஸ்டின் ராம்பர்க்கோடு சேர்ந்து அதை நிறுவினார்கள். புள்ளியியலாளர் டேவிட் டொனோஹோ தனி வழியில் அங்கேயே வந்து சேர்ந்தார். கட்டுரைகள் 2006இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே டொனோஹோவும் எம்ஆர்ஐ ஆய்வாளர் மைக்கேல் லஸ்டிக்கும் இதை எம்ஆர்ஐக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர் ஷ்ரேயஸ் வாசனவாலாவும் லஸ்டிக்கும் குழந்தைகளின் ஸ்கேனில் சோதித்தார்கள். 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்து, இயந்திரங்களோடே இந்த வசதி வரத் தொடங்கியது.

இப்போது பனை தேடும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கிறார்கள். வேகம் பிரமாதம். ஆனால் எது இயல்பான படம் என்பதை அது பழைய ஸ்கேன்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் இல்லாத ஒன்று உடலில் இருந்தால்? கேம்பிரிட்ஜின் ஆண்டர்ஸ் ஹான்சன் குழு 2020இல் இதைச் சோதித்தது. படங்களுக்குள் வேண்டுமென்றே சிறு எழுத்துகளைச் செருகி, குறைவான அளவீடுகளை மட்டும் கொடுத்து மீட்கச் சொன்னார்கள். சில நுண்ணறிவு முறைகள் படத்தைப் பளிச்சென்று தந்தன, எழுத்துகளை விழுங்கிவிட்டு.