ஆப் பச்சை காட்டினாலும் இடுப்பை அளந்து பாருங்கள்

“ஆப்ல எடை, உயரம் போட்டுப் பார்த்தேன் டாக்டர், பச்சைதான் காட்டுது. அப்புறம் எனக்கு எப்படிச் சர்க்கரை வரும்?”

கேட்டவருக்கு வயது 46. உயரம் 152 செ.மீ., எடை 54 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 சதவீதம். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம் என்றேன். கிலோவில் எடை, மீட்டரில் உயரம். 54-ஐ 1.52-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.52-ஆல் வகுத்தால் 23.4. இதுதான் பி.எம்.ஐ. அவருடைய ஆப் 25 வரை பச்சை காட்டும் ரகம். அது உலகப் பொது அளவுகோல். இந்தியர்களுக்கென்று 2009-இல் நம் மருத்துவ வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் வேறு: 22.9 வரை சரியான எடை, 23 தொட்டால் அதிக எடை, 25 வந்தாலே உடல் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கறார்? புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். இத்தனைக்கும் இருவரும் ஆண்கள். பெண்கள் உடம்பில் இயல்பாகவே கொழுப்பு கூடுதல். மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி அது தொடை, பிட்டத்திலிருந்து வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும். எடை அப்படியே இருக்கும், வயிறு மட்டும் மாறும்.

அதனால் நான் டேப்பை எடுத்துவிடுவேன். இடுப்பு எவ்வளவு என்று கேட்டால் பலரும் பாவாடை நாடா கட்டும் இடத்து அளவைத்தான் சொல்கிறார்கள். நாடா பெரும்பாலும் வயிற்று மேட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அளக்க வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டபிறகு. பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

கர்ப்பிணிகள் இந்தக் கணக்கைப் போட்டுக் கவலைப்பட வேண்டாம். கர்ப்பத்துக்கு முந்தைய எடைதான் அங்கே கணக்கு. பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பவர்களை ‘ஒல்லி உடம்பு’ என்று பாராட்டி அனுப்பிவிடவும் முடியாது. ரத்தசோகை இருக்கிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று நான் கேட்காமல் விடுவதில்லை.

அந்த அம்மாவுக்கு டேப் 88 காட்டியது. கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வருஷமா சுடிதாருக்கெல்லாம் பக்கத் தையலைப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருக்கேன் டாக்டர்,” என்றார். “டெய்லருக்குத்தான் அளவெடுக்கத் தெரியலைன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்.”