காலடியில் வெளுக்கும் மணல்

சென்ற மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தை ஒட்டிய ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்குவதற்காகக் கல்லூரித் தோழியுடன் சென்றிருந்தேன். முதல் நாள் பிற்பகல், அறையில் பையை வைத்த கையோடு இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அலையோரம் நடக்கத் தொடங்கினோம். அலை அப்போதுதான் வடிந்திருந்த மணல், வானம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. தோழி காலை ஊன்றியதும் பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அந்தப் பளபளப்பு மறைந்து, மணல் காய்ந்துவிட்டதைப் போல வெளுத்தது. "என்னடி இது, என் கால் தண்ணியை உறிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அருகில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெரியவர், "உடம்புச் சூடும்மா, எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் காரணம் அதுவன்று. அங்கே கிடந்த தென்னை மட்டையின் அடியால் மணலை அழுத்தினேன். அதைச் சுற்றியும் அதே வெள்ளை வளையம் தோன்றியது. இவ்வளவு எளிதாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமலே நம்புவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

படியில் அரிசி அளந்தவர்களுக்கு இதன் பாதி விடை தெரியும். கொட்டிய படியைக் குலுக்கினால் அரிசி அமிழ்ந்து இன்னும் ஒரு பிடிக்கு இடம் கிடைக்கும். மணிகள் ஒன்றன் இடுக்கில் ஒன்று போய் உட்கார்ந்துவிடுகின்றன. அலைகளும் கரை மணலை நாள் முழுவதும் அப்படித்தான் குலுக்கி இறுக்கி வைக்கின்றன. ஆனாலும் இடுக்குகள் ஒழிவதில்லை. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒழுங்கில்லாமல் கொட்டி எவ்வளவு குலுக்கினாலும் அவை ஏறத்தாழ 64 விழுக்காடு இடத்தைத்தான் நிரப்பும். நனைந்த மணலில் மிச்ச இடம் முழுவதிலும் தண்ணீர் நிற்கிறது.

இப்போது கால் அழுத்துகிறது. மணல் விலகியாக வேண்டும். ஆனால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால், கீழிருக்கும் மணியின் முதுகில் ஏறித்தான் தாண்ட வேண்டும்; ஏறும்போது தன்மேல் இருப்பதையும் அது தூக்குகிறது. எண்ணற்ற மணிகள் ஒரே நேரத்தில் இப்படி ஏறி நிற்பதால் இடுக்குகள் அகன்றுவிடுகின்றன. அழுத்தப்பட்ட மணல் சுருங்காமல் விரிகிறது! அகன்ற இடுக்குகளை நிரப்ப, மேலே கண்ணாடிபோல் நின்ற மெல்லிய நீர்ப்படலம் உள்ளே இறங்குகிறது. மேல்மணிகள் நீருக்கு வெளியே தலைநீட்ட, ஒளி அவற்றில் பட்டுப் பல திசைகளிலும் சிதற, மணல் வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, சற்றுக் கீழே பதுங்கியிருக்கிறது.

இதை 1885இல் விளக்கியவர், மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். நீரோட்டம் சீராக இருக்குமா, கொந்தளிக்குமா என்று கணிக்க ரெனால்ட்ஸ் எண் என்று நாம் பாடத்தில் படிப்பது இவர் பெயரால்தான். மணலும் தண்ணீரும் நிரம்பிய ரப்பர்ப் பையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பையை அமுக்கினால், குழாயில் ஏறும் என்று நாம் எதிர்பார்க்கும் தண்ணீர் இறங்குகிறது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஈர மணலைத் தட்டித் தட்டி இறுக்கி, மேலே சிறிது தண்ணீர் விட்டு, வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்.

தளர்வாகப் படிந்த மணலில் எல்லாம் நேர்மாறாக நடக்கும். குலுங்கும்போது அது சுருங்கப் பார்க்கிறது. தண்ணீருக்குப் போக வழியில்லாததால் அழுத்தம் ஏறி, தரையே கூழாகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது கட்ச் ரண் என்னும் உப்புச் சதுப்பு நிலப் பகுதியில் தரையைப் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டது இதனால்தான். கடலோர நகரமான சென்னையில் வாழும் நமக்கு மணலின் இந்த இரண்டு குணங்களும் சாதாரணச் செய்தியல்ல. ராக்கெட்டுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கு கூட மணலின் இந்தக் குணங்களை ஆராயத் தேவைப்படாது. அதைத் தாராளமாகவே ஒதுக்க வேண்டும் என்பேன்.

தோழி காலை எடுத்தாள். பாரம் நீங்கியதும், ஏறி நின்ற மணிகள் சரிந்து மீண்டும் நெருக்கமாக உட்கார்ந்தன. அதற்குள் சுற்றிலுமிருந்து ஊறி வந்திருந்த தண்ணீர் உள்ளே இடமில்லாமல் மேலே வந்தது. ஒரு நொடிக்கு முன் காய்ந்திருந்த சுவட்டில், ஐந்து விரல் பள்ளங்களிலும் குதிகாலிலும் தண்ணீர் தேங்கிப் பளபளத்தது.