குடும்பப் பெயரை வைத்து ரத்தத்தைக் கணிக்க முடியாது

குடும்பப் பெயரைத் தட்டினால் போதும், அது எந்த ஊரில் தோன்றியது, உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர், அவர்களுடைய மரபணுப் பூர்வீகம் என்ன என்று சதவீதக் கணக்கோடு சொல்லும் இணையதளங்கள் பெருகிவிட்டன. பூர்வீகம் தெரிந்துகொள்ளும் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நீலகிரியில் மருத்துவம் பார்க்கும் எனக்கு இதில் ஒரு கவலை இருக்கிறது. சிக்கிள் செல் (அரிவாள் செல்) என்ற பரம்பரை ரத்த நோய்க்காகக் கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றால், சிலர் அந்தப் பக்கத்தையே பதிலாகக் காட்டுகிறார்கள். "எங்க பேருக்குப் பூர்வீகம் மைசூர்னு போட்டிருக்குங்க டாக்டர். சிக்கிள் செல் எல்லாம் காட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தானே வரும்?"

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகு பட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோயின. ஆனால் பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அந்தக் கட்டத்தை அப்பா பெயரால் நிரப்புவது அதற்குப் பிறகு இன்னும் அவசியமாகிவிட்டது. இணையதளமோ அந்தக் கட்டத்தில் இருக்கும் 'கிருஷ்ணன்' என்பதை ஒரு வம்சத்தின் பெயராக எண்ணிக்கொள்கிறது. அந்தக் கணக்கில் வரும் அத்தனை பேரையும் இணைப்பது, அவர்களுடைய அப்பாக்களுக்கு ஒரே பெயர் என்பது மட்டும்தான். அடுத்த தலைமுறையில் அந்தக் 'குடும்பப் பெயர்' இருக்கவே இருக்காது.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இதன் விளைவை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஒரு பெண் பள்ளிப் பருவத்தில் ரத்தப் பரிசோதனை செய்திருப்பாள், அப்பாவின் இனிஷியலோடு. கல்யாணத்துக்குப் பின் கர்ப்பமாக வரும்போது கணவரின் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு அவள் புது ஆள். அவள் சிக்கிள் கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவள் என்ற பழைய முடிவு வேறொரு பெயரில் உறங்கிக்கொண்டிருக்கும். அவளுடைய அண்ணனின் பதிவையும் அவளோடு சேர்த்துப் பார்க்க வழி இருக்காது. பெயரை நம்பிக் குடும்பத்தைத் தேடினால் இங்கே முதலில் தொலைந்துபோவது பெண்கள்தான்.

நீலகிரியில் பெயர்கள் இன்னும் பலவிதம். படுகர்களிடையே 'கவுடர்' என்ற பட்டம் உண்டு. கர்நாடகத்தில் கவுடா, கொங்குச் சமவெளியில் கவுண்டர். ஊர்த் தலைமையைக் குறித்த பட்டம், ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை இல்லாத பல சமூகங்களில் வழங்குகிறது. எழுத்து ஒத்துப்போகிறது என்று அவற்றை ஒரே கூடையில் போட்டால் வரும் பூர்வீகம் யாருடைய பூர்வீகமும் அல்ல. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளக் குடும்பங்களின் இனிஷியலில் வீட்டுப் பெயர் ஒளிந்திருக்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, இங்கே தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று எங்கெங்கிருந்தோ கப்பலேறியவர்கள்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் பாடம் எடுக்கத் தகுந்தவர்கள். ஒரு தோடக் குழந்தை அப்பா வழிக் குலத்தையும் சேர்ந்தது, அம்மா வழிக் குலத்தையும் சேர்ந்தது. கல்யாணம் பேசும்போது இரண்டையும் பார்த்து விலக்க வேண்டும். 1930களில் இங்கே வந்து தோட மொழியை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். குழந்தையின் தந்தை யார் என்பதை, கர்ப்ப காலத்தில் நடக்கும் வில் - அம்பு சடங்கு ஊரறிய நிலைநாட்டும். பெயரும் குலமும் சமூகம் கொடுப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

பெயரும் மரபணுவும் சேர்ந்தே போகும் இடங்களும் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் குடும்பப் பெயர் பல நூற்றாண்டுகளாக அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் வருகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே வருவது. பிரையன் சைக்ஸ் என்ற மரபியல் பேராசிரியர் தன் சொந்தக் குடும்பப் பெயரையே சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். யார்க்‌ஷயர் பகுதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் 'சைக்ஸ்' என்ற பெயருள்ள 48 ஆண்களில் 21 பேரின் ஒய் குரோமோசோம் ஒரே வகை. ஒரே மூதாதையிடமிருந்து அந்தப் பெயர் கிளைத்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் மற்ற 27 பேரையும் கவனியுங்கள். ஏறக்குறைய 700 ஆண்டுகள் பெயரைக் கட்டிக்காத்த ஊரிலேயே பாதிக்கு மேல் பொருந்தவில்லை. தத்து எடுப்பார்கள், தாய்வழிப் பெயரை ஏற்பார்கள், சம்பந்தமில்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பெயரை வைத்துக்கொள்ளும்.

பொருந்திய 21 பேருக்கும்கூட அது ஒரே ஒரு வழி மட்டும்தான். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1024 மூதாதையர் இடங்கள் வருகின்றன. குடும்பப் பெயர் அதில் ஒரே ஒருவருடையது. அந்த ஒருவர் மைசூரிலிருந்து வந்தவராகவே இருக்கட்டும். மீதி 1023 இடங்களைப் பற்றி அவர் பெயர் ஒரு வார்த்தையும் சொல்லாது.

சரி, பெயரை விடுங்கள், டி.என்.ஏ. சோதனையே செய்துவிட்டால்? எச்சிலை அனுப்பினால் வரும் பூர்வீகச் சதவீதம், அந்த நிறுவனம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் மாதிரிகளோடு உங்களை ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு. நிறுவனம் மாறினால் சதவீதமும் மாறும். கூடப் பிறந்தவர்களுக்கே ஒன்றுபோல வராது, ஏனென்றால் அப்பா அம்மாவிடமிருந்து ஆளுக்கொரு பாதி வெவ்வேறு விதமாகக் கிடைக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் இந்திய மரபணுவில் கண்டது இந்தச் சதவீதங்களைவிட நமக்கு அதிகம் பயன்படும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகமும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆய்வுகளின்படி, இன்றைய இந்தியச் சமூகங்களில் மிகப் பெரும்பாலானவை பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பில் உருவானவை. அந்தக் கலப்பு ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாக நடந்தது. அப்புறம்தான் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது. 2017இல் வெளிவந்த ஆய்வில் 263 தெற்காசியச் சமூகங்களைப் பார்த்தார்கள். 81 சமூகங்களில், ஒரு சில முன்னோரிடமிருந்து பெருகியதன் தடயம், அதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட அழுத்தமாக இருந்தது. இப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு முன்னோரின் மரபணுக் கோளாறு இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுதல். வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்வு மருந்து உடலில் சீக்கிரம் கரையாமல் மூச்சு திரும்பத் தாமதமாவது இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். உங்கள் பாட்டிகளும் கொள்ளுப்பாட்டிகளும் எந்த வட்டத்துக்குள் மணம் முடித்தார்கள் என்பதுதான் ஒரு மருத்துவருக்குத் தேவைப்படும் பூர்வீகம்.

இப்போது சிக்கிள் செல்லுக்கு வருகிறேன். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் அறியப்பட்டதே நம் நீலகிரியில்தான், 1952இல். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவருக்கு, அதாவது கேரியருக்கு, பொதுவாக எந்தத் தொந்தரவும் இருக்காது. சொல்லப்போனால் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். அதனால்தான் மலேரியா மிகுந்த வயநாட்டுச் சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் அது நிலைத்தது. பணியர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிகளிடம் இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத வயநாடன் செட்டிகளிடமும் இருக்கிறது. பட்டியலைப் பார்த்து அந்த மரபணு ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை.

கேரியர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நோய் உள்ள குழந்தைக்குக் கை கால் வீக்கம், மஞ்சள் காமாலை, எலும்பைப் பிளப்பது போன்ற வலி எல்லாம் வரும். குளிரும் உடலில் நீர் குறைவதும் வலியைத் தூண்டும். ஊட்டியின் டிசம்பர் இரவு இந்தக் குழந்தைகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் தடுப்பூசிகளும் ஒழுங்கான கண்காணிப்பும் இருந்தால் நன்றாகப் படித்து வேலைக்குப் போகிறார்கள். ஆனால் நோய் இருப்பது சீக்கிரம் தெரிய வேண்டும்.

பலரும் அறியாத ஒன்று, சிக்கிள் கேரியர் ஒருவர், பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயின் கேரியர் ஒருவர் என்று சேர்ந்தாலும் குழந்தைக்குச் சிக்கிள் நோய் வரக்கூடும். தலசீமியா மரபணு நாடு முழுக்க, எல்லாச் சமூகங்களிலும் பரவிக்கிடக்கிறது. நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் அதன் கேரியர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 'எங்கள் பூர்வீகம் சமவெளி' என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

கலந்தாலோசனையில் நான் பெயர் கேட்பதில்லை, படம் வரைகிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கேரியருக்குப் பாதி கறுப்பு. அப்பா பக்கம் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். அம்மாவின் அம்மா எந்த ஊர் என்று கேட்டால் தயக்கம் வரும், பக்கத்தில் இருக்கும் அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ போன் போகும். அப்போதுதான் "அவங்க கூடப்பிறந்தது ஒண்ணு சின்ன வயசுலயே ரத்தமில்லாம போயிடுச்சு" என்ற தகவல் வரும். அந்த வட்டம் வரைபடத்தில் வந்த பிறகு மற்றக் கேள்விகள் தானாக வரும். கல்யாணம் பேசும் வீட்டில் இருபக்கத்துப் பாட்டிகளையும் உட்காரவைத்து இந்தப் படத்தை நீங்களே வரைந்துவிடலாம்.

டி.என்.ஏ. பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் நடந்த தகவல் திருட்டில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. உங்கள் எச்சிலில் உங்கள் பிள்ளைகளின் தகவலும் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். 2047க்குள் நோயை ஒழிக்கும் இலக்கோடு 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் சிக்கிள் செல் சிகிச்சையில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். விரல் நுனியில் குத்திச் செய்யும் கரைதிறன் சோதனை தலசீமியாவைக் காட்டாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நம்பகமும் இல்லை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு மாறிவிடும். கல்யாணத்துக்கு முன் முடியவில்லை என்றால் கர்ப்பம் தெரிந்த வாரத்திலேயே செய்யுங்கள். இருவரும் கேரியர் என்று வந்தால், சிசுவைச் சோதிக்க 11ஆம் வாரத்தை ஒட்டிக் கோவைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருக்கும். கேரியரா இல்லையா என்பதற்கான சோதனையை ஒருமுறை சரியாகச் செய்தால் போதும். முடிவுத் தாளை ஆதாரோடு சேர்த்து வையுங்கள். பெண்ணானால் அதில் இரண்டு இனிஷியலையும் எழுதச் சொல்லுங்கள்.