டிப்ரஷன்ல மனசு எப்படி கணக்கு போடுது

டிப்ரஷன்ல இருக்குறவங்ககிட்ட நம்ம ஆளுங்க முதல்ல சொல்றது "கண்டதையும் போட்டு நினைக்காத, எல்லாம் சரியாயிடும்". அன்பாதான் சொல்றாங்க, ஆனா அந்த நினைப்பை அவங்க உக்காந்து வரவழைக்கலையே, அது தானா வருது, விஷயமே அதுதான். இதை உன்னிப்பா கவனிச்சு ஒரு சிகிச்சையாவே மாத்துனவர் பிலடெல்பியால இருந்த ஆரோன் பெக்ங்கற மனநல டாக்டர்.

பெக் ஆரம்பத்துல, ஆழ்மனசை ஆராயணும்னு சொன்ன ஃப்ராய்ட்ங்கற டாக்டரோட வழியில பயிற்சி எடுத்தவர். அடுத்தவங்க மேல இருக்குற கோபம் தன் மேலயே திரும்பிடுது, அதான் டிப்ரஷன்னு அந்த வழியில சொல்லுவாங்க. அப்படின்னா கனவுல அந்த கோபம் தெரியணுமேன்னு 1950கள் கடைசியில நோயாளிங்களோட கனவையெல்லாம் சேத்து பாத்தாரு. அவர் எதிர்பார்த்த கோபம் அங்க இல்ல. ஏமாந்து போறது, யாரோ ஒதுக்குறது, ஆசைப்பட்டது கைக்கு எட்டாம போறது, இதுதான் திரும்ப திரும்ப வந்துச்சு, அதாவது பகல்ல தன்னை பத்தி என்ன நினைச்சாங்களோ அதேதான் ராத்திரியும்.

இன்னொரு நோயாளி அவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கும்போது உள்ளுக்குள்ள "இவருக்கு நான் பேசுறது போரடிக்குதோ"ன்னு இன்னொரு பேச்சும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கண் சிமிட்டுற நேரத்துல வந்துபோற இந்த மாதிரி நினைப்புக்குதான் தானியங்கி எண்ணம்னு பேரு. டிப்ரஷன்ல இது மூணு பக்கம் பாயும்னு பெக் சொன்னாரு: நான் எதுக்கும் லாயக்கில்ல, சுத்தி எதுவுமே சரியில்ல, இனிமேலும் மாறப்போறதில்ல.

ஒரு சின்ன விஷயம் எப்படி இவ்ளோ பெருசாகுதுன்னா, சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு வைங்க. ஒருத்தங்க "போன் பேசிட்டே போட்டேன், கை தவறிடுச்சு"ன்னு விட்டுடுவாங்க. இன்னொருத்தங்க மனசு "தப்பு என்னோடதுதான், நான் எப்பவுமே இப்படித்தான், சமையல் மட்டுமில்ல எதுவுமே எனக்கு வராது"ன்னு போயிடும். காரணத்தை தன் மேலயே போடுறது, அது மாறவே மாறாதுன்னு நினைக்குறது, வாழ்க்கை பூராவும் அதை பரப்புறதுன்னு 1978ல ஆப்ரம்சன், செலிக்மன், டீஸ்டேல்ங்கற மூணு உளவியலாளர்களும் இதைத்தான் பிரிச்சு காட்டுனாங்க.

அப்புறம் அந்த நினைப்பை விடவும் முடியாது. மாடு அசை போடுற மாதிரி ஏன் இப்படி ஆச்சு, எனக்கு மட்டும் ஏன்னு அதையே திரும்ப திரும்ப மென்னுக்கிட்டே இருப்பாங்க, பதில் மட்டும் கிடைக்காது. சூசன் நோலன்-ஹோக்செமாங்கற உளவியலாளர் அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் இருக்குற ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 137 மாணவர்கள்கிட்ட அவங்க மனநிலை எப்படி, சோகம் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டு வச்சிருந்தாங்க. ரெண்டே வாரத்துல, 1989 அக்டோபர் 17ஆம் தேதி, அந்த பகுதியையே உலுக்குன லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் வந்துச்சு. யாரும் திட்டம் போட்டு நடத்த முடியாத பரிசோதனை அது. 10 நாள் கழிச்சு ஒரு தடவை, 7 வாரம் கழிச்சு ஒரு தடவைன்னு மறுபடி கேட்டதுல, முன்னாடியே அசை போடுற பழக்கம் இருந்தவங்களுக்குதான் டிப்ரஷன் அறிகுறி அதிகமா இருந்துச்சு, நிலநடுக்கத்துக்கு முன்னாடி எவ்ளோ சோகமா இருந்தாங்கன்னு கணக்குல எடுத்த பிறகும்.

இதனால டிப்ரஷன் வெறும் நினைப்புதான்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. பரம்பரை, தைராய்டு, பிரசவம், இழப்பு, கடன்னு எல்லாத்துக்கும் பங்கு இருக்கு, சிலருக்கு மாத்திரை கண்டிப்பா வேணும். ரெண்டு வாரத்துக்கு மேல மனசு இப்படியே கிடந்தா டாக்டரை பாருங்க, இல்ல 14416ங்கற டெலி மானஸ் (அரசோட மனநல உதவி) நம்பருக்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். சாகணும்னு தோணுச்சுன்னா ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேணாம், இன்னைக்கே பேசுங்க.

பெக்கோட சிகிச்சையில "பாசிட்டிவா நினை"ன்னு சொல்ல மாட்டாங்க. நினைப்பை பேப்பர்ல எழுதி, இது உண்மையான்னு சேர்ந்து சோதிச்சு பாப்பாங்க. "வெளிய போனாலும் ஒன்னும் மாறாது"ன்னு சொல்றவங்ககிட்ட, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி எவ்ளோ நல்லா இருக்கும்னு 10க்கு ஒரு மார்க் போடுங்க, வந்தப்புறம் இன்னொன்னு போடுங்கன்னு சொல்லுவாங்க. முன்னாடி 1, வந்து 3னு எழுதியிருந்தா போதும், அடுத்த வாரம் பேச்சு அந்த ரெண்டு மார்க்ல இருந்துதான் ஆரம்பிக்கும்.