பிரதிநிதி, பேராளர், சார்பாளர்: உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு பதவிக்கு எந்தச் சொல்?

தில்லி மயூர் விஹாரில் ஒரு தமிழ் வீட்டில் "பொண்ணு ஹெல்த் ரெப்ரசென்டேட்டிவ் ஆகணும்னு சொல்றா" என்றால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தோல்பையோடு டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும் மெடிக்கல் ரெப்தான். அந்த வேலைக்கு 'மருந்து விற்பனைப் பிரதிநிதி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாட்டில் அமர்த்தும் தலைமை அலுவலரும் நம் நாளிதழ்களில் பிரதிநிதிதான். எம்.பி.யும் மக்கள் பிரதிநிதி, மாநாட்டுக்குப் போகிறவரும் பிரதிநிதி. இத்தனை வேலைகளையும் ஒரே சொல் சுமக்கிறது. இடறும் இடமும் அதுதான்.

பிரதிநிதி வடசொல். 'பிரதி' என்றால் பதிலாக. 'நிதி' என்ற பகுதி, வைத்தல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. பணத்தைக் குறிக்கும் நிதிக்கும் அதே வேர்தான், சேர்த்து வைத்தது என்ற பொருளில். ஆக, ஒன்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டது பிரதிநிதி. வேள்வியில் சோமக்கொடி கிடைக்காவிட்டால் பூதீகம் என்ற வேறு செடியை வைக்கலாம் என்பது சடங்கு விதி. அப்படி மாற்றாக வைக்கும் பொருளுக்கும் பிரதிநிதி என்றே பெயர்.

சரி, தில்லியில் உட்கார்ந்திருக்கும் இந்த அலுவலர் யாருக்குப் பதிலாக இருக்கிறார்? பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 'இந்தியாவுக்கான பிரதிநிதி' என்பதைச் செய்தியில் 'இந்தியப் பிரதிநிதி' என்று சுருக்கிவிடுகிறார்கள். படிப்பவர், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் இந்தியாவுக்காகப் பேசுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் ஜெனீவாவின் சார்பில் இந்தியாவில் பேசுகிறவர். பொதுவாக இந்தியராகவும் இருக்கமாட்டார். தம் சொந்த நாட்டிலேயே ஒருவரை இந்தப் பதவியில் அமர்த்துவது வழக்கமில்லை. நிறுவனத்தின் சாசனம், 37-ஆவது பிரிவில், அதன் ஊழியர்கள் எந்த அரசிடமிருந்தும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது. இந்தப் பதவிக்கு உயிர்நாடி அந்த ஒரு வரி என்பது என் எண்ணம்.

தில்லிவாசிகளுக்குக் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. தென்கிழக்கு ஆசிய மண்டல அலுவலகமும் இங்கேதான் இருக்கிறது, 1948 முதல். அதன் தலைவர் மண்டல இயக்குநர், பல நாடுகளுக்குப் பொறுப்பானவர். நாம் பேசும் பதவி இந்திய அலுவலகத்தின் தலைமை. இரண்டும் வேறு.

இந்த அலுவலருக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. அரசு கேட்டால் ஆலோசனை, ஆள், பயிற்சி, தரவு. அவ்வளவுதான். ஆனால் அதை வைத்தே எவ்வளவு செய்யலாம் என்பதற்குப் போலியோ சாட்சி. 1997-இல் இந்திய அரசும் நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. 15 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்குத் திடீரெனக் கையோ காலோ துவண்டுவிட்டது என்று தகவல் வந்தால், கண்காணிப்பு மருத்துவ அலுவலர் அந்த வீட்டுக்கே போவார். வாதம் தொடங்கிய 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்க வேண்டும். அவற்றை ஐஸ் வைத்த பெட்டியில், குளிர்ச்சி குறையாமல் ஆய்வகம் கொண்டு சேர்க்க வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையமும் அப்படி ஓர் ஆய்வகம். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் மே மாத வெயிலில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் ஒரு பிள்ளையைக் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று இந்த மண்டலம் போலியோ இல்லாதது என்று சான்று கிடைத்தது.

இனித் தமிழ்ச் சொல். தூதர் என்றால், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையைப் போல, அனுப்பியவரின் பேச்சை எடுத்துப் போகிறவர். இன்றைக்கு அந்தச் சொல் தூதரகங்களுக்குப் போய்விட்டது. முகவர் என்றால் எல்.ஐ.சி.யும் வாக்குச்சாவடியும் நினைவுக்கு வரும். பேராளர் நல்ல சொல், ஆனால் அது மாநாட்டில் பங்கேற்பவருக்கு உரியது. 1961-இல் உலக சுகாதாரப் பேரவையின் 14-ஆவது கூட்டம் தில்லியிலேயே நடந்தது. தலைமை தாங்கியவர் நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். அங்கே நாடுகளின் சார்பில் வந்திருந்தவர்களைப் பேராளர்கள் என்று தயங்காமல் எழுதலாம்.

ஒரு நாட்டில் தங்கி வேலை பார்ப்பவருக்குச் சார்பாளர்தான் பொருந்தும். 'சார்பில்' என்ற சொல்லை நாம் தினமும் புழங்குகிறோம், அதிலிருந்து பிறந்த சொல் இது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே வடிவம். 'ஒருசார்பு' என்பதன் நிழல் விழுமே என்று சிலர் தயங்குவார்கள். யாருடைய சார்பாளர் என்பதையும் சேர்த்து எழுதினால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை: 'உலக சுகாதார நிறுவனத்தின் சார்பாளர், இந்தியா'.

சுகாதாரம் என்ற சொல்லைப் பொறுத்தவரை, அது இப்போது துப்புரவின் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசே 'மக்கள் நல்வாழ்வுத் துறை' என்கிறது. பதவியைப் பொதுவாகக் குறிக்க 'பன்னாட்டு நல்வாழ்வுச் சார்பாளர்' போதும். நிறுவனத்தின் பெயரில் மட்டும் பழகிய 'சுகாதார'த்தை விட்டுவைக்கலாம்.

அப்புறம், இதற்கு என்ன பரீட்சை எழுதணும் என்று கேட்பவர்களுக்கு: ஓல்டு ராஜிந்தர் நகரில் கோச்சிங் சேர்ந்து எழுதும் தேர்வு எதுவும் இதற்கு இல்லை. வழக்கமான பாதை, எம்.பி.பி.எஸ். முடித்துச் சமூக மருத்துவத்தில் எம்.டி. அல்லது எம்.பி.ஹெச். என்ற பொது நல்வாழ்வு முதுகலைப் படிப்பு, பிறகு மாவட்டங்களில் பல வருடக் களப்பணி, அதன்பின் விளம்பரம் பார்த்து விண்ணப்பம், நேர்காணல். இந்திய அலுவலகத்தில் இந்தியர்களுக்கென்றே தேசிய அலுவலர் பணியிடங்கள் உண்டு. சார்பாளர் ஆக வேண்டுமானால் வேறு நாட்டுக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்காவில் கை கொடுக்கும். ஆராய்ச்சி வழியாக மேலே போனவர்களும் உண்டு. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி செய்த சௌம்யா சுவாமிநாதன் தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை வகித்து, 2017-இல் ஜெனீவா போனார். 2019-இல் நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார். அவருடையது சார்பாளர் பதவி அல்ல. ஆனால் மயூர் விஹார் பெண் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொரு பாதை அது.